கால் தளர்ந்தவரைக் கைவிடுவதா?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் மடம் விளங்கும் ஊர். அன்னம், அபயம், ஔடதம், சாஸ்திரம் எனத் தானத்தை நால்வகையாக வகுத்தவர் சமணர். நோயாளிக்கு மருந்தளிப்பதையும் அவனது அச்சத்தைப் போக்குவதையும் அவர்கள் தனித்தனியே எண்ணியது பொருளற்றதன்று. அவ்வூரார் ஒருவர், நாலைந்து நாளில் இரு கால்களும் செயலற்று, திண்டிவனம் வைத்தியசாலைக்குத் தூக்கிவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தத்தைச் சோதித்ததில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிகிறது. "இந்த வியாதிக்கு இதுதான் கதி" என்று உற்றாரும், ஏன், வைத்தியர் சிலரும் கூறிவிடுவாராயின் அதனினும் பெரிய அநீதி வேறில்லை.

ஏனெனில், அவரது காலைக் கெடுத்தது அக்கிருமியே என்பது நிச்சயமன்று. அவருடைய சொந்த உடற்காப்புச் சக்தியாகவும் இருக்கலாம். 1916-இல் கீயான், பாரே, ஸ்ட்ரோல் என்ற பிரெஞ்சு வைத்தியர் மூவர் விவரித்த நோயில், உடலின் காவற்படை நரம்பின் மேலுறையையே பகையென்று கருதித் தாக்குகிறது. எச்.ஐ.வி. அப்படையை நடத்தும் அணுக்களைக் கெடுப்பதால் அதன் ஒழுங்கு குலைந்துபோகிறது. தொற்றின் ஆரம்பத்திலேயே, உடல்வலி குன்றாதபோதே, இது நேர்வதுண்டு. கால் தளர்ந்த பின்னரே தமக்குக் கிருமி இருப்பதை அறிந்தவரும் உளர். முதுகுத்தண்டு நீரில் வெள்ளணுக்கள் மிகுந்திருப்பின், நோயாளியின் சம்மதம் பெற்று எச்.ஐ.வி. சோதனை செய்தல் அவசியம். எதிர்ப்புச் சக்தி அறவே குன்றியவரிடத்திலோ, சைட்டோமெகலோ என்னும் வேறொரு வைரஸ் இதே போன்ற தளர்ச்சியை உண்டாக்கும். அதற்கு மருந்து வேறு. இரண்டையும் பிரித்தறியாமல் செய்வது வைத்தியமாகாது.

முன்னதற்கு இம்யூனோகுளோபுலின் மருந்தோ, பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையோ முதல் இரண்டு வாரங்களுக்குள் கிட்டினால் பலன் மிகுதி. ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பதால் நன்மையில்லை. கிருமிக்குரிய மருந்தும் உடன் நடக்கவேண்டும். மீண்டும் எழுந்து நடந்தவர் பலர். ஆனால், இம்யூனோகுளோபுலின் 60 கிலோ எடையுள்ளவருக்கு 5 நாளில் 120 கிராம் வேண்டும். நிலத்தை விற்றாலன்றி ஒரு குடியானவன் வாங்கத்தக்கதன்று அது.

சர்க்காரால் இயலாததையா நாம் கேட்கிறோம்? இந்நாட்டில் எச்.ஐ.வி.யை முதன்முதல் 1986-இல் கண்டறிந்தவர், நமது சென்னையின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவுமே. 2004-இல் தாம்பரத்தில் இலவச மருந்து தொடங்கியது. எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பதைத் தடுக்கும் 2017-ஆம் வருஷத்துச் சட்டம் மறு வருஷமே அமலுக்கு வந்தது. வாயால் மறுப்பது மட்டுமா மறுப்பு? மருந்து இருப்பில் இல்லை என்பதும் நோயாளிக்கு மறுப்பேயாம். இது நாம் சட்டப் புத்தகத்தில் கண்டதன்று, நியாயம் என்று கருதுவது.

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசாங்க வைத்தியக் கல்லூரி நடைபெறுகிறது. நரம்பின் ஓட்டத்தை அளக்கும் சோதனையும், மேற்சொன்ன மருந்தும், சுவாச இயந்திரமும் அங்கே எந்நேரமும் ஆயத்தமாயிருக்கவேண்டும். திண்டிவனத்துக்கு வரும் நோயாளியை அன்றைக்கே அங்கு சேர்ப்பிக்கும் ஏற்பாடும் வேண்டும். சென்னைக்குப் போகும்படி எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தால், மூச்சுத் தசைகள் தளர்ந்துவரும் மனிதர் வழியிலேயே மாண்டுபோகக்கூடும்.