ஒரு கிட்டார், இரு குரல்கள்

‘பெண்பிள்ளைகளுக்கு எதற்கு ஒயர் வேலை?’ சென்ற ஆண்டு விழாவுக்கு முன் நாங்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் பெற்றோரும் உண்டு. எங்கள் வகுப்புத் தோழியரும் உண்டு. அக்கேள்விக்கு எங்களால் இயன்ற விடையே இக்கட்டுரை.

எங்கள் பள்ளி இசைக்குழுவில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. அதன் குரல் கனமானது. தனியே கேட்டால் இனிமைதான். ஆனால் முப்பது பேர் சேர்ந்து பாடும்போது கீபோர்டின் ஒலிக்குள் அது கரைந்துவிடும். மீட்டுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாது. ‘இதைக் கொடுத்துவிட்டுக் கணீரென்று ஒலிக்கும் வேறொன்றை வாங்கலாம்’ என்றனர் சிலர். அதற்கான பணம் பெற்றோரிடமிருந்துதானே வரவேண்டும்? ‘வாங்குமுன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்போமே’ என்றோம் நாங்கள்.

திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது எங்கள் அறிவியல் பாடம்! எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்னும் பகுதி உண்டு. தலைமுடி போன்ற செப்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் விதி கிட்டாருக்குள் பாடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அச்சுருள் தந்தியின் பாட்டை மட்டும் கேட்பதில்லை. சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர். 1955-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957-இல் அவருடைய பிக்கப் அந்நிறுவனத்தின் கிட்டார்களில் இடம்பெற்றது. அவர் செய்தது என்ன? ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு வைத்தார். இரண்டாவதன் சுற்றுத் திசையை எதிராக்கினார். அதன் காந்த முனையையும் எதிராக்கினார். தந்தியின் ஒலி இருமுறை தலைகீழாகி நேராகவே வந்து, முதல் சுருளின் ஒலியோடு கூடுகிறது. இரைச்சலோ காந்தத்தைப் பொருட்படுத்தாதது. அது ஒரு முறைதான் தலைகீழாகிறது. ஆகவே இரு சுருள்களின் இரைச்சலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கூட்டலும் கழித்தலும் ஒரே நேரத்தில்! இவ்வகைப் பிக்கப்புக்கு ‘ஹம்பக்கர்’ என்று பெயர்.

இரு சுருள்களும் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒலி வலுக்கிறது, கூர்மை மங்குகிறது. எங்கள் கிட்டாரின் கனத்த குரலுக்குக் காரணம் அதுவே. இரண்டும் சேரும் இடத்தை ஒரு சுவிட்ச் வழியாகத் தரை இணைப்புடன் சேர்த்தால், ஒரு சுருள் ஒதுங்கிக்கொள்ளும். மற்றொன்று தனித்துப் பாடும். இதைக் ‘காயில் ஸ்ப்ளிட்டிங்’, அதாவது சுருள் பிரித்தல், என்கிறார்கள். பிக்கப்பிலிருந்து இரு சுருள்களின் நான்கு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. எங்களுடையதில் வந்திருந்தன. மரத்தில் துளையிடத் தேவையில்லை. பழைய வால்யூம் குமிழின் இடத்தில் 500 கிலோ ஓம் மதிப்புள்ள ‘புஷ்-புல்’ குமிழைப் பொருத்தினால் போதும். இழுத்தால் ஒரு குரல். அழுத்தினால் மற்றொரு குரல்.

முதல் முயற்சியில் தோற்றோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவசரத்தில் எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டோம். எந்த நிறம் எங்கே இருந்ததென்று எழுதிவைக்கவில்லை. கைக்குக் கிடைத்த ஒரு வரைபடத்தைப் பார்த்து இணைத்தோம். மீட்டினால், மூக்கடைத்தவர் பேசுவது போல ஒரு சன்னக் குரல்! இரைச்சலோ முன்பு இல்லாத அளவு! எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. இயற்பியல் கற்பிக்கும் அருட்சகோதரி கோபிக்கவில்லை. ‘எது கூடுகிறது, எது கழிகிறது, யோசியுங்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். யோசித்தோம். ஒரு நிறுவனத்தார் கறுப்பு ஒயரில் ஒலியை அனுப்பினால், இன்னொருவர் சிவப்பில் அனுப்புகிறார். நாங்கள் பார்த்த வரைபடம் வேறொரு பிக்கப்புக்கு உரியது. ஒரு சுருள் தலைகீழாகிவிட, சேரவேண்டியவை அழிந்தன, அழியவேண்டியவை சேர்ந்தன. உரிய நிற அட்டவணையைத் தேடி எடுத்து மறுநாள் மாற்றினோம். குமிழை இழுத்ததும் கணீரென்று எழுந்தது புதிய குரல்!

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். ‘நல்ல பொருளைக் கெடுக்கலாமா?’ என்று பெரியோர் கேட்பது நியாயமே. மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றத்தையே செய்யவேண்டும் என்பது எங்கள் கருத்து. கழற்றிய குமிழைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நாங்கள் வரைந்த படம் கிட்டாரின் உறைக்குள் இருக்கிறது. பழமையால் மதிப்புப் பெற்ற வாத்தியமாயின் தொடாதிருப்பதே நல்லது.

‘ஆபத்தல்லவா?’ என்பது அடுத்த கேள்வி. கேபிளைக் கழற்றிய எங்கள் கிட்டாரில் ஷாக் அடிக்க எதுவும் இல்லை. ஆனால் ஆம்ப்ளிஃபயரை நாம் திறக்கவே கூடாது. அணைத்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம். சால்டரிங் அயர்னின் முனையோ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடும். ஆகவே கண்ணுக்குக் கண்ணாடி அணிந்தோம்; ஜன்னல்களைத் திறந்துவைத்தோம்; ஈயம் தொட்ட கையைக் கழுவிய பின்னரே சோற்று டப்பாவைத் தொட்டோம். அடுப்படியில் கொதிக்கும் எண்ணெயை எங்களை நம்பிக் கொடுப்பவர்கள், சால்டரிங் அயர்னைக் கொடுக்க மட்டும் தயங்குவானேன்?

‘இது ஆண்கள் வேலை’ என்போருக்கு ஒரு செய்தி. அபிகேல் இபார்ரா என்ற பெண்மணி 1956-இல் கலிஃபோர்னியாவிலுள்ள ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தில் சேர்ந்தார். பல்லாண்டுகள் பிக்கப்புகளுக்குச் சுருள் சுற்றினார். 2013-இல் ஓய்வு பெற்றார். அவர் கைப்பட்ட பிக்கப்புகளைக் கலைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். பெண்ணின் விரல்கள் சுற்றிய கம்பியைப் பெண் தொடக்கூடாது என்பது என்ன நியாயம்?

இதில் ஆதாயம் மட்டுமே உண்டென்று சொல்லமாட்டோம். ஒரு சுருள் ஒதுங்கினால் ஒலியின் வலிமை குறையும். விரட்டிய இரைச்சலும் திரும்பி வரும். காலைக் கூட்டத்தில் எல்லோரும் மௌனமாக நிற்கையில் எங்கள் கிட்டாரின் ரீங்காரம் கடைசி வரிசை வரை கேட்டது! இப்போது பாட்டு முடிந்ததும் மறவாமல் குமிழை அழுத்திவிடுகிறோம். இரு சுருள்களையும் பக்க இணைப்பில் இணைத்தால் ஒலி மெலிந்தும் தெளிந்தும் வரும், இரைச்சலும் அடங்கியிருக்கும். அடுத்து அதையும் செய்துபார்க்க எண்ணியுள்ளோம். ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க, உள்ளே பார்த்தவரால்தான் முடியும்.

அன்பான பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! எங்கள் பள்ளியில் தையல் அறை இருக்கிறது. அங்கே மெஷின்கள் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு சால்டரிங் அயர்ன்கள், ஒரு மல்டிமீட்டர்: நாங்கள் கேட்பது இவ்வளவே. ஒரு புதிய கிட்டாரின் விலையை விட இது மிகக் குறைவு. பழுதான விளக்கும் வானொலியும் குப்பைக்குப் போகுமுன் ஒருமுறை எங்கள் மேசைக்கு வரட்டும். தையலும் சால்டரிங்கும், இரண்டுமே பிரிந்ததைச் சேர்க்கும் கலைகள்தானே!

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி