வீட்டுத் தோட்டம்: காய்க்காத ஸ்ரோபெரி



கொட்டாஞ்சேனையில் தொடர்மாடியொன்றில் வசிக்கும் ஓர் அக்கா, நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்த ஸ்ரோபெரிக் கன்றைப் பல்கனியில் சாடியில் வைத்திருந்தார். ஒரு வருடமாகியும் இலையும் கொடியுந்தான். "ஊரில வச்ச தென்னை, மா எல்லாம் சண்டையில போச்சு. இப்ப இதுவும் காய்க்கேல்லை. என்ர கை ராசியில்லாத கை, தங்கச்சி" என்றார்.

பட்ட இழப்புகளுக்கெல்லாம் தம்மையே குற்றஞ்சாட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் இங்கே கையில் குற்றமில்லை. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கொழும்பிலோ 27 பாகைக்கும் மேல். ஸ்ரோபெரி அரும்பு கட்டக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். வெக்கையில் அது பூப்பதை விட்டுக் கொடியோடும்.

அதே மாதிரிக் கொடியோடி, கணுவுக்குக் கணு வேர்விடுவது நமது வல்லாரை. இந்த வெக்கை அதற்கு ஒத்துவரும். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் கட்டிலேயே வேருள்ள தண்டுகளைத் தெரிந்தெடுங்கள். அடியில் துளையிட்ட பழைய வாளியில் மண்ணும் கூட்டெருவும் கலந்து நடுங்கள். அரை நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பாருங்கள். வேரோடு பிடுங்காமல் இலையை மட்டும் கிள்ளினால் மீண்டும் தழைக்கும்.

அந்த அக்காவின் பல்கனியில் இப்போது இரண்டு வாளி வல்லாரை. சென்ற வாரம் சம்பல் போட எனக்கும் ஒரு பிடி தந்தார். ஸ்ரோபெரியையும் அவர் எறிந்துவிடவில்லை. தண்ணீர் ஊற்றும்போது அதற்கும் ஊற்றுகிறார்.