திரையிலிருந்து கிளினிக் வாசல்வரை

தன் உடலின் பாலியல், இனப்பெருக்க நலத்தைத் தானே கவனித்துக்கொள்வதைச் சுயபராமரிப்பு என்கிறோம். மாதவிடாய்த் தேதியைக் குறித்துவைப்பதும், ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்துவதும், அவசரக் கருத்தடைக் குளிசையை நேரத்துக்கு எடுப்பதும், எச்.ஐ.வி. தொற்று உண்டா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்வதும் இதில் அடங்கும். எந்தக் கட்டத்தில் வைத்தியரிடம் போயாக வேண்டும் என்று தெரிந்திருப்பதும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கெனத் தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. சுகாதார ஊழியரின் துணையோடோ துணையின்றியோ மக்கள் தம் நலத்தைப் பேணிக்கொள்ளும் ஆற்றல் என்று அது சுயபராமரிப்பை வரையறுத்தது. கைத்தொலைபேசிச் செயலிகளைப் பற்றிய பேச்சில் ஊழியரின் துணை மெல்ல மறைந்து, ஃபோன் மட்டுமே மிஞ்சிவிடுகிறது. கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் வைத்துப் பார்த்தால் இந்த மறதியால் யாருக்கு நட்டம் என்பது தெரியும்.

இலங்கையின் பொதுச் சுகாதார அமைப்பு பெருமைப்படத் தக்கது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, மிட்வைஃபை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கை சான்றிதழ் பெற்றதற்கு இந்த அடித்தளமே காரணம். ஆனால் மிட்வைஃபின் கையிலுள்ள பதிவேடு தம்பதியரை வைத்தே தொடங்குகிறது. குடும்பமாக வாழும் பெண் அதில் இடம்பெறுகிறாள். அவளிடம் குளிசை, ஊசி, லூப், கையில் தோலுக்கடியில் வைக்கும் ஜடெல் கருத்தடைக் குச்சி ஆகியவை பற்றி வீட்டுக்கே வந்து பேசுகிறார்கள். மணமாகாத பத்தொன்பது வயதுப் பெண் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறாள். மணமாகாத இளைஞனுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. இளையோருக்கென ‘யொவுன் பியச’ நிலையங்களை அரசு அமைத்திருக்கிறது. ஆனால் அவை இருப்பதே பல இளையோருக்குத் தெரியாது.

பாடசாலையும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. ஏழாம் தரத்துக்கென உருவாக்கப்பட்ட பாலியல், இனப்பெருக்க நலக் கைந்நூல் 2019இல் எதிர்ப்பில் சிக்கி முடங்கிப்போனது. விஞ்ஞானப் பாடத்தில் இனப்பெருக்க உறுப்புகள் படமாக வருகின்றன. ஆனால் அந்த அலகை வீட்டில் வாசித்துக்கொள்ளும்படி சொல்லிக் கடந்துபோகும் ஆசிரியர்கள் குறைவல்லர். கேள்வி எஞ்சிவிடுகிறது, கேட்க ஆளில்லை, கையில் ஃபோன் இருக்கிறது. யூடியூபும் டிக்டொக்கும் தரும் விடைகளில் சரியும் பிழையும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. எது எதுவென்று பிரித்தறியப் பதினாறு வயதில் யாருக்கும் இயல்பாக வருவதில்லை.

கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழ் பேசுபவர். அவர்கள் அனைவரும் ஒரே வகையானோர் அல்லர். பேராதனைப் பல்கலைக்கழக விடுதிகளுக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வரும் மாணவர்கள் ஒரு சாரார். பல்லேகலைக் கைத்தொழில் பேட்டையில் வேலை செய்து வாடகை அறைகளில் தங்கும் இளம் பெண்கள் இன்னொரு சாரார். அக்குறணையிலும் மடவளையிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேறு கட்டுப்பாடுகள். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களின் லயங்களில் ஓர் அறையில் ஐந்தாறு பேர் தூங்குகிறார்கள், சுவருக்கு அப்பால் பேசுவது இப்பால் கேட்கும். தெல்தோட்டையிலிருந்து கண்டி நகருக்கு வர மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கிளினிக் வார நாட்களின் பகலில் இயங்குகிறது, அன்று வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய ‘பெயர்’, அதாவது நாட்கூலி, விழாது. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு தடை கண்டி சிறிய ஊராக இருப்பது. பார்மசியில் ஆணுறை கேட்பவரின் பின்னால் வரிசையில் நிற்பவர் சித்தப்பாவின் நண்பராக இருந்துவிடும் நகரம் இது.

இந்தத் தடையைத் தாண்ட உதவுவதே ஃபோனின் உண்மையான பயன். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தின் ‘நோ ஃபோர் ஷுவர்’ இணையத்தளம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருவர் தன் தொற்று ஆபத்தைத் தானே மதிப்பிட்டு, கிளினிக்குக்கு நேரம் குறித்துக்கொள்ளவும் சுயசோதனைக் கருவிக்கு வழி தேடவும் அது துணைபுரிகிறது. வாய்நீரைக் கொண்டு செய்யும் சோதனை எளியது. முன்னதாகக் கால் மணி நேரம் எதுவும் உண்ணாமல் பருகாமல் இருந்து, பஞ்சு முனையால் மேல் ஈறையும் கீழ் ஈறையும் ஒருமுறை துடைத்து, அந்தக் குச்சியைத் திரவக் குழாய்க்குள் நிறுத்தினால் இருபது நிமிடத்தில் கோடு தெரியும். ஒரு கோடு வந்தால் தொற்று காணப்படவில்லை என்று பொருள், இரண்டு வந்தால் கிளினிக்கில் உறுதிப்படுத்த வேண்டும். தொற்றக்கூடிய சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆகாவிட்டால் ஒற்றைக் கோட்டை முழுதாக நம்ப முடியாது.

அந்த இருபது நிமிடமும் அதற்குப் பின் வரும் இரவும் கொடியவை. இரண்டாம் கோட்டைத் தனியறையில் தனியாகப் பார்க்கும் இளைஞனுக்கு உடனே தமிழில் பேச ஒரு குரல் வேண்டும். மறுநாள் போக ஓர் இடமும் வேண்டும். அந்த இடம் கண்டியிலேயே இருக்கிறது. அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் சிகிச்சை இலவசம், கடிதம் கொண்டுபோக வேண்டியதில்லை, இரகசியம் பேணப்படும். நாட்டில் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டோர் 2022இல் 600ஐத் தாண்டினர், அவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருக்கும்போது, கிளினிக்குக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் அத்தகைய உறவு கொள்ளும் இளைஞர்களில் பலருக்கு உண்டு. கிளினிக் பொலிஸ் நிலையம் அல்ல என்பதை இணையத்தளத்தின் முதல் திரையிலேயே தமிழில் சொல்ல வேண்டும்.

1953இல் தொடங்கிய இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் ‘ஹாப்பி லைஃப்’ என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையை நடத்துகிறது. செயலி எதையும் தரவிறக்கத் தேவையில்லாத இந்த வழி, பொத்தான் ஃபோன் வைத்திருப்பவருக்கும் எட்டும். புதுச் செயலிகளுக்குப் பணம் தேடும் அமைப்புகள் இத்தகைய பழைய எளிய வழிகளைக் குறைத்து மதிப்பிடுவது வருந்தத்தக்கது.

இளம் பெண்களிடம் கூடுதலாகப் பரவியிருப்பவை மாதவிடாய்க் கணிப்புச் செயலிகள். அடுத்த தேதி எப்போது, வலி எந்நாட்களில் வரும் என்று குறித்துவைக்க அவை நல்லவை, மூன்று மாதப் பதிவை வைத்தியரிடம் காட்டினால் நோயறிய உதவும். அவற்றைக் கருத்தடையாக நம்புவது வேறு விடயம். எளிய செயலிகள் சுழற்சியை இருபத்தெட்டு நாள் என்றும், முட்டை பதினான்காம் நாள் வெளிவரும் என்றும் வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வில் சராசரி 29.3 நாள் என்று தெரிந்தது, சரியாக இருபத்தெட்டு நாளில் வந்தவை ஏறத்தாழ எட்டில் ஒன்றுதான். பெரிய பிள்ளையாகிச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு இருபத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்து நாள் வரை மாறி மாறி வருவது இயல்பு. ஆகவே பச்சை நிறத்தில் ‘பாதுகாப்பான நாள்’ என்று திரை காட்டுவது பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பாதுகாப்பே அல்ல. கருத்தடைக்கென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்த ‘நேச்சுரல் சைக்கிள்ஸ்’ செயலிகூட நாள்தோறும் உடல் வெப்பத்தை அளந்து பதிந்தால்தான் பயன் தரும். அப்படியும் சாதாரணப் பயன்பாட்டில் ஆண்டுக்கு நூற்றில் ஏழு பேர் வரை கருவுறுகிறார்கள். கையில் வைக்கும் ஜடெலில் அந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவு.

அச்செயலிகளில் பதியும் தகவல் எங்கே போகிறது என்பதும் அதேயளவு கவலைக்குரியது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ‘ஃப்ளோ’ செயலி, பயனர்களின் மாதவிடாய், கர்ப்பத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்ட, 2021இல் அது இணக்கத்துக்கு வந்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வகைப்படுத்துகிறது. ஆனால் கண்டியில் ஒரு பெண்ணின் அந்தரங்கம் கசிவது பெரும்பாலும் கலிபோர்னியா வழியாக அல்ல, மேசையில் கிடக்கும் ஃபோன் வழியாகத்தான். அண்ணனும் தம்பியும் அம்மாவும் மாறி மாறி எடுக்கும் ஃபோனில் ‘இன்று குளிசை எடுத்தீர்களா?’ என்று அறிவிப்பு எழுந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று வடிவமைப்பவர் யோசித்தாக வேண்டும். அறிவிப்பில் விடயம் தெரியக்கூடாது, செயலியின் படமும் பெயரும் எதையும் காட்டிக்கொடுக்கக்கூடாது, ஒரே தட்டில் பழைய உரையாடல் அழிய வேண்டும்.

கென்யாவிலும் தான்சானியாவிலும் 2010 அளவில் தொடங்கிய ‘எம்ஃபோர்ஆர்எச்’ சேவை குறுஞ்செய்தி மூலமே கருத்தடைத் தகவலைத் தந்து இளையோரை நன்றாகச் சென்றடைந்தது. அதைத் தமிழில் அப்படியே செய்ய முயன்றால் ஒரு தொழில்நுட்ப முட்டு வரும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 குறிகளைக் கொள்ளும், தமிழில் 70தான். அதிலும் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் ‘கருத்தடை’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லே எட்டு இடங்களை அடைத்துக்கொள்கிறது. நான்கைந்து செய்திகளாக உடையும் அறிவுரை முன்பின்னாக வந்து சேரும். ஒன்று தவறினால், அவசரக் கருத்தடைக் குளிசையை ‘72 மணி நேரத்துக்குள்’ எடுக்க வேண்டும் என்பது காணாமல் போகலாம். ஆகவே தமிழில் பதிவுசெய்த குரல் பொருத்தமானது. வாசிக்கத் தடுமாறுபவருக்கும் அது உதவும், காதில் வைத்துக் கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

அவசரக் கருத்தடைக் குளிசைதான் இந்த ஃபோன் கருவிகளுக்கெல்லாம் கடுமையான சோதனை. ஆணுறை கிழிந்து, அல்லது எதுவுமே பயன்படுத்தாமல் சனிக்கிழமை இரவு உறவு நடந்திருக்கிறது. குளிசையை எவ்வளவு விரைவாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் எந்தப் பார்மசி திறந்திருக்கும், கேள்வி கேட்காமல் கொடுப்பவர் யார் என்ற விடையைக் கொழும்பில் எழுதிய பொதுச் செயலி சொல்லாது. ஏற்கனவே கருவுற்றிருந்தால் இக்குளிசை அதைக் கலைக்காது என்ற விளக்கமும் உடன் வர வேண்டும், இங்கு இதையும் கருக்கலைப்பு மாத்திரையையும் குழப்பிக்கொள்வோர் பலர். தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை இலங்கைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் அஞ்சிய பெண்கள் இணையத்தில் கருக்கலைப்பு மாத்திரை விற்போரிடம் மாட்டிக்கொள்கிறார்கள். குருதிப்போக்கு மிகுந்தால் காரணம் எதுவாயினும் அரச வைத்தியசாலைக்கு ஓட வேண்டும், அங்கே சிகிச்சை உண்டு. இந்த ஒரு வரி உயிர் காக்கும்.

ஃபோன் ஆபத்தின் வழியாகவும் இருக்கிறது. நம்பி அனுப்பிய படத்தைக் காட்டி மிரட்டப்படும் பெண் நலக் கருவியைத் தேடி வரும்போது, பிள்ளைகளுக்கான 1929, பெண்களுக்கான 1938 ஆகிய எண்களும் வன்முறைக்கு ஆளானோருக்கு உதவப் பெரிய அரச வைத்தியசாலைகளில் உள்ள ‘நட்பு நிலையம்’ பற்றிய தகவலும் அங்கேயே இருக்க வேண்டும். பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்ணுடன் கொள்ளும் உறவு, அவள் சம்மதித்தாலும், சட்டப்படி வல்லுறவு. அந்த வயதினர் உதவி கேட்கும்போது என்ன தகவல் யாருக்குப் போகும் என்பதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லாத கருவியை அவர்கள் ஒருமுறைக்கு மேல் நம்பமாட்டார்கள்.

எனவே கண்டிக்கு இன்னொரு செயலி தேவையில்லை. இருக்கும் சேவைகளைக் கிளினிக்குகளோடு இணைக்கும் வேலைதான் தேவை. எந்தக் கிளினிக்கில் எந்த நாளில் தமிழ் பேசும் தாதி அல்லது வைத்தியர் இருக்கிறார், மாலையில் திறக்குமா, எந்தப் பஸ்ஸில் வரலாம் என்ற விபரங்களை மாதந்தோறும் சரிபார்த்து வைக்க மாவட்ட சுகாதாரப் பணிமனையில் பொறுப்பான ஒருவர் வேண்டும். கிளினிக் நேரம் மாறியபின் பழைய நேரத்தைக் காட்டும் திரையை நம்பிக் கூலியை இழந்து வந்து பூட்டிய கதவைக் காணும் பெண் மறுபடி வரமாட்டாள். தோட்டங்களின் மிட்வைஃப்மாருக்கு மணமாகாதோரிடமும் பேசலாம் என்ற எழுத்துமூல அனுமதியும் அதற்கான பயிற்சியும் கிடைக்க வேண்டும். தோட்டங்களில் கருத்தடை அறுவைச் சிகிச்சை ஏனைய முறைகளை விஞ்சி நின்ற காலத்தின் நினைவு அங்குள்ள குடும்பங்களுக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே எல்லா முறைகளையும் சொல்லி, தெரிவை அவர்களிடமே விடுவதாக அந்தப் பேச்சு அமைய வேண்டும்.

இத்தகைய திட்டங்களின் அறிக்கைகள் தரவிறக்க எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. ஃபோனில் கேள்வி கேட்டவர்களில் எத்தனை பேர் கண்டி கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார்கள், அவர்களில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர், தோட்டங்களிலிருந்து வந்தோர் எத்தனை பேர், இரண்டாம் முறையும் வந்தோர் எத்தனை பேர் என்பதே எண்ண வேண்டியது. பெயரின்றி, கிளினிக் வரவேற்பு மேசையில் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு தாளில் அதைக் குறித்துக்கொள்ளலாம்.