சித்தப்பாவும் அங்கிள்... மாமாவும் அங்கிள்!

ஆங்கிலம் கற்கத் தொடங்குபவர்கள் உறவுப் பெயர்களில்தான் முதலில் தடுமாறுவார்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா மூவருக்கும் அங்கே ஒரே சொல்: ‘அங்கிள்’. பிரித்துச் சொல்ல வேண்டுமானால், அப்பாவின் சகோதரர் ‘பேட்டர்னல் அங்கிள்’. அம்மாவின் சகோதரர் ‘மெட்டர்னல் அங்கிள்’. அண்ணன் ‘எல்டர் பிரதர்’. தம்பி ‘யங்கர் பிரதர்’.

சித்தப்பா மகனை ‘கசின் பிரதர்’ என்பது நம்மூர் வழக்கு. ‘கசின்’ மட்டும் போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே. சகலையைக் குறிக்கும் ‘கோ-பிரதர்’ இங்கிலாந்து, அமெரிக்காவில் புரியாது. ‘மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்’ என்றால் புரியும்.

விசா படிவத்தில் கவனம் தேவை. சித்தப்பா மகனை ‘பிரதர்’ என்று எழுதினால், கூடப் பிறந்தவர் என்றே அர்த்தம். இருவரின் பெற்றோர் பெயரும் வேறாக இருக்க, விளக்கம் சொல்லித் தவிக்க நேரலாம். பாசத்தில் அண்ணன்தான், படிவத்தில் ‘கசின்’!