காதில் வில்லை, ஊரில் வைத்தியம் இல்லை!

விவசாயப் பெருமக்களே! ஆடு மாடு வளர்க்கும் தாய்மார்களே!

ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஏமாற்றினால் பால் காசுதான் கைகொடுக்கிறது. பள்ளிக்கூடச் செலவு, மளிகைக் கடன் எல்லாம் அதில்தான் ஓடுது. மாடு ஒரு வாரம் படுத்தால் குடும்பமே படுத்துவிடும். எனவே கால்நடை நலம் என்பது நமக்குக் கஞ்சிப் பிரச்சினை.

மத்திய அரசு 2019 செப்டம்பரில் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய். கோமாரியையும் கன்று வீச்சு நோயையும் 2025-க்குள் கட்டுப்படுத்தி, 2030-க்குள் ஒழிப்போம் என்றார்கள். திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். முடியாத காரியமும் இல்லை. நம் தாத்தா காலத்தில் கொட்டில் கொட்டிலாக மாட்டைக் கொன்ற வெக்கை நோய் ஒழிந்ததாக இந்தியா 2006-ல் சான்று பெற்றது. 2011-ல் உலகத்தை விட்டே போனது. விடாமல் ஊசி போட்டதால்தான் அது நடந்தது.

நம் கேள்வி ஒன்றுதான்: ஊசி போட ஆள் எங்கே?

கோமாரி ஊசியின் பலன் ஏறக்குறைய ஆறு மாதம். அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு சுற்று. ஒரு சுற்று தள்ளிப்போனால் முன்பு போட்டதும் வீண். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் அலைந்தால் அது மருந்தல்ல, வெறும் தண்ணி. பத்து மாட்டில் ஆறுக்குப் போட்டு நாலை விட்டால் நோய் அந்த நாலில் வந்து உட்கார்ந்துக்கும். கன்று வீச்சு ஊசியை 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்குப் போட வேண்டும். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். இதையெல்லாம் பார்க்க ஊர் ஊராகப் போகும் கால்நடை ஆய்வாளர் வேண்டும். காதில் பன்னிரண்டு இலக்க வில்லையை மாட்டினால் மட்டும் காய்ச்சல் இறங்கிடுமா?

நடமாடும் மருத்துவ வண்டிக்கு 1962-க்கு போன் பண்ணலாம் என்கிறார்கள். நல்லது. ஆனால் ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பதுதான் மத்திய அரசின் கணக்கு. ராத்திரி கன்று குறுக்கே நின்று மாடு கத்தும்போது அந்த ஒரு வண்டி எத்தனை ஊருக்குத்தான் ஓடும்?

2013-ல் டெல்டாவில் கோமாரி வந்து மாடுகள் மடிந்ததை மறக்க முடியுமா? 2022-ல் தோல் கழலை நோயில் நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கு மேல் மாடுகள் செத்தன. 2001-ல் இங்கிலாந்தில் கோமாரி வந்தபோது 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். நோய்க்காக அழித்த மாட்டுக்கு அங்கே அரசு ஈடு கொடுத்தது. இங்கே காப்பீட்டில் விவசாயி பங்கு 15 சதவீதம்தான் என்று 2024-ல் அறிவித்தார்கள். அந்தச் சேதி எத்தனை வீட்டு வாசலுக்கு வந்தது?

நம்முடையது எல்லை ஊர். ஆந்திராவிலிருந்து வரும் மாட்டு லாரி நம் வழியாகத்தான் போகணும். நோய்க்கு முதல் வாசலும் நாம்தான்.

மேய்ச்சலையும் பேசாமல் இருக்க முடியாது. தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போனது. அந்த மக்கள் போராடியும் நிற்கவில்லை. மேய்ச்சல் இழந்த மாடு ரோட்டோரம் பிளாஸ்டிக்கைத் தின்கிறது, நெடுஞ்சாலையில் அடிபட்டுச் சாகிறது. தின்ன புல்லில்லாத மாட்டுக்கு ஊசி மட்டும் என்ன செய்யும்?

அரசே!

1. காலியாக உள்ள கால்நடை மருத்துவர், ஆய்வாளர் பணியிடங்களை உடனே நிரப்பு!
2. தடுப்பூசிச் சுற்றுத் தேதியை முன்கூட்டியே ஊராட்சியில் தண்டோரா போடு! போட்ட கணக்கைக் கிராமசபையில் வை!
3. எளாவூர் சோதனைச் சாவடியில் இரவும் பகலும் கால்நடைப் பரிசோதனை நடத்து!
4. தொற்று நோயில் செத்த மாட்டுக்குச் சந்தை விலையில் ஈடு கொடு!
5. 1932-ல் தொடங்கிய இராணிப்பேட்டை தடுப்பு மருந்து நிலையத்தை வலுப்படுத்து!
6. மிச்சமிருக்கும் மேய்க்கால் நிலத்தில் கை வைக்காதே!

கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலகம் முன்பு மாட்டோடும் கன்றோடும் திரள்வோம். ஒரு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். கட்சி வேறுபாடு வேண்டாம். மாட்டுக்கு வரும் நோய் கட்சி பார்த்து வருவதில்லை.

கேட்போம்! கிடைக்கும்வரை கேட்போம்!