கூலிக் கணக்கும் பாடம்தான்

ஒரு கேள்வியைப் பிள்ளைகளே விசாரித்து விடை காணும் செயல்திட்டம் வழியாகப் பாடம் நடத்தலாம் என்ற பேச்சை எடுத்தால் காஞ்சிபுரத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அதெல்லாம் பணம் கட்டிப் படிக்கிற பள்ளிக்குச் சரி, நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்து வராது." நம்ம பிள்ளைகள் என்றால் யார்? பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுப் பிள்ளை, அப்பா கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, இருளர் குடியிருப்பிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பிள்ளை, கட்டட வேலைக்கு வந்த பெற்றோருடன் ஒடிசாவிலிருந்து வந்து பாதி ஆண்டில் சேர்ந்த பிள்ளை. இத்தனை பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் கரும்பலகையில் எழுதிப்போடுவதுதான் ஒத்து வராதது. செயல்திட்டம் மிகவும் தேவைப்படுவது இந்த வகுப்புக்குத்தான்.

ஆனாலும் எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்றை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. "தறியையும் சரிகையையும் பள்ளிக்குள் கொண்டுவந்தால் அது குலக்கல்விதானே?" என்கிறார்கள். இந்த ஊருக்கு அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு. குலக்கல்வி என்று பெயரெடுத்த, 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவரான அண்ணா இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். கோர்வைச் சேலை நெய்யும்போது கரைப் பக்கத்து நாடாவை எறியத் துணையாளாகப் பல ஆண்டுகள் சிறுவர்களைத்தான் உட்கார வைத்தார்கள். முன்பணக் கடனுக்காகக் காஞ்சிபுரத்துத் தறிகளில் கட்டுண்டு கிடந்த குழந்தைகளைப் பற்றியும் 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் தன் அறிக்கையில் எழுதியது. அந்தத் தறியிலிருந்து பிள்ளையை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர், பள்ளியிலும் தறி என்றால் பதறத்தான் செய்வார்கள்.

ஆனால் ராஜாஜியின் அந்தத் திட்டம் செய்தது என்ன? கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது; மிச்ச நேரத்தில் பிள்ளையைப் பெற்றோரின் தொழிலுக்கு அனுப்பியது. காமராஜர் முதல்வரானதும் 1954-இல் அதைக் கைவிட்டார். அதன் குற்றம் தொழிலைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது அல்ல. பள்ளி நேரத்தைப் பறித்ததும், எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை என்பதைப் பிறப்பால் முடிவு செய்ததும்தான் குற்றம். செயல்திட்டம் பள்ளி நேரத்துக்குள், ஆசிரியர் கண்முன், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நடக்கிறது. யாரும் தறிக்குழியில் இறங்க வேண்டியதில்லை, விற்பதற்கு எதையும் செய்ய வேண்டியதில்லை.

ஒரு நிபந்தனையை மட்டும் நான் விடமாட்டேன். தறி வீட்டுப் பிள்ளையிடம் தறிப் படம் வரையும் வேலையைக் கொடுக்காதீர்கள், கணக்கைக் கொடுங்கள். தறியையே பார்த்திராத பிள்ளை போய்ப் பாவு, ஊடை, விழுது என்று கேட்டறிந்து வரைந்து வரட்டும். அடுத்த செயல்திட்டத்தில் வேலைகளை மாற்றிக் கொடுங்கள். இந்த மாற்றம் இல்லாவிட்டால் குலக்கல்வி என்ற குற்றச்சாட்டு உண்மையாகிவிடும்.

எட்டாம் வகுப்புக்கு இப்படி ஒரு கேள்வி வைக்கலாம்: ஒரு பட்டுச்சேலை விற்கும் விலையில் நெய்தவர் கைக்கு எவ்வளவு போகிறது? கர்நாடகத்துப் பட்டு, சூரத்துச் சரிகை, சாயம், துணையாள் கூலி, கடை லாபம் என்று ஒவ்வொன்றாக விசாரித்துக் குறிக்க வேண்டும். சரிகையை மார்க் கணக்கில் வாங்குகிறார்கள், ஒரு மார்க் சுமார் 240 கிராம்; அதைக் கிராமாக்கி ஒரு சேலைக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இருவர் சேர்ந்து நெய்தால் எத்தனை நாள், துணையாள் வராவிட்டால் எத்தனை நாள் என்றும் கணக்கிட வேண்டும். இந்தக் கூலிக் கணக்கைப் போட்ட பிள்ளையைத் தறிக்கு அனுப்ப யாராலும் எளிதில் முடியாது.

"பாடம் முடியாது, பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கிறது" என்பது அடுத்த மறுப்பு. மேலே சொன்ன கேள்வியில் இருப்பது என்ன? சதவீதம், லாப நட்டம், நேர் மாறல், எதிர் மாறல், நேரமும் வேலையும். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வாழ்வியல் கணிதம் என்ற இயல் இதுதான். சமூக அறிவியலில் ஆங்கிலேயர் காலத்தில் கைத்தொழில்கள் நலிந்த பாடம் வருகிறது. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தகவல் கேட்டுக் கடிதம் எழுதினால் தமிழ்ப் பாடத்தின் கடிதப் பயிற்சியும் முடிந்தது. பாடத்தை நடத்தி முடித்துவிட்டு மேலே ஒட்டவைக்கிற சுமையாகச் செயல்திட்டத்தை வைத்தால் நேரம் போதாதுதான். பாடத்தையே அதன் வழியாக நடத்தினால் போதும். எல்லா இயலுக்கும் இது பொருந்தாது. பருவத்துக்கு ஒன்று என்றால் பொருந்தும்.

"மெல்லக் கற்கும் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சிதான் வேண்டும், இதெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைக்கு" என்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் 46 பள்ளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் மூன்றாம் வகுப்பு அறிவியலைச் செயல்திட்டம் வழியாக நடத்தி ஆராய்ந்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செயல்திட்டத்தில் படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட 8 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகப் பெற்றார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கும் அந்தப் பயன் கிடைத்தது. வழிகாட்டாமல் பிள்ளைகளைத் தாமே கண்டுபிடிக்க விட்டால் தடுமாறுவார்கள் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதியதும் சரியே. அதனால்தான் சதவீதம் கண்டுபிடிப்பதைக் கரும்பலகையில் நடத்திவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும் என்கிறேன்.

இன்னோர் எடுத்துக்காட்டு: தறியில் டிசைன் நெய்யப் பயன்படும், துளையிட்ட ஜக்கார்டு அட்டை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கியோடு அந்த இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. கட்டத்தாளில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மயிலை வரையச் சொன்னால், எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையும் வரிசை வரிசையாக எண்ணிக் குறிக்கிறது. சார்லஸ் பாபேஜ் தம் கணக்கீட்டு எந்திரத்துக்கு இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார் என்று அப்போது சொல்லலாம். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளையிடம் அவர்கள் ஊர்ச் சேலையைப் பற்றிக் கேளுங்கள். ஒடிசாவின் சம்பல்பூரில் நூலை முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பிறகே நெய்கிறார்கள்; டிசைன் நூலிலேயே இருக்கிறது. தமிழ் இன்னும் வசப்படாத அந்தப் பிள்ளை, வகுப்பில் யாருக்கும் தெரியாத ஒன்றைக் காட்டி விளக்கும்.

"செயல்திட்டம் என்றால் கடையில் வாங்கிய சார்ட்டுதானே, அம்மா ஒட்டித் தருவதுதானே?" இது உண்மை. 2012-இல் முப்பருவ முறை வந்தபோது, செயல்திட்டமும் அடங்கிய வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். ஸ்டேஷனரிக் கடைக்காரர்கள் தயாராகிவிட்டார்கள். இது மதிப்பெண் போட்ட விதத்தின் கோளாறு. விசாரிக்கப் போவது தவிர மற்ற வேலை முழுவதும் வகுப்பிலேயே நடக்கட்டும், முடிவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். குழுவில் ஒருவரே எல்லாம் செய்துவிடுகிறார் என்ற புகாருக்கும் மருந்து இதுதான்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களால் முடியாது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலைச் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்கு வேண்டியது வாரத்தில் இரண்டு பாடவேளை தொடர்ச்சியாக, பதிவேட்டு வேலைகளில் கொஞ்சம் விலக்கு, வகுப்பில் சத்தம் கேட்டால் கடிந்துகொள்ளாத ஒரு தலைமையாசிரியர். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.