வரப்புக் கீரையை வாழ விடுங்கள்



புரட்டாசி மழை பெய்ததும் கொங்குப் பகுதியின் மானாவாரிக் காடுகளில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் தாமாக முளைக்கும். பூ விடுமுன் கொழுந்தைக் கிள்ளி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் புளி சேர்த்து வேகவைத்து மத்தால் கடைந்தால் ராகிக் களிக்கு அப்படிப் பொருந்தும். களையெடுக்கப் போகும் பெண்கள் மடி நிறையப் பறித்து வருவார்கள். காசில்லாமல் கிடைத்த சத்துணவு அது. இப்போது களைக்கொல்லி அடிப்பதால் கீரை கருகிப் போகிறது. தப்பிய செடியையும் நம்பிப் பறிக்க முடிவதில்லை. எது உண்ணத்தக்கது என்றறிந்த மூத்தவர்களும் குறைந்து வருகிறார்கள். வேளாண்மைத் துறை இக்கீரைகளைப் படங்களுடன் கையேடாக வெளியிட வேண்டும். விவசாயிகள் வரப்போரத்தையாவது மருந்தடிக்காமல் விட்டுவைக்க வேண்டும்.

– வாசகி, காங்கயம்.